முதலில் என்னிடம், பிறகு பலகையில்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்துவிட்டது எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். பின்னால் என் குரல் கேட்டால், "வேலை இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை நீ பார்த்திருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருப்பாய்.

சரி. எழுதினால் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். கோபத்தைப் பற்றி அப்புறம். முதலில் வேலை.

நீ அங்கே உட்கார்ந்து வடிவமைத்த தளத்தில் ஐந்து நாட்டுச் செவிலியர்கள் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு படிக்கிறார்கள். எங்கள் மருத்துவமனைப் பிரிவுக்கு நான் பயிற்றுநர். உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் திரையில் நாங்கள் பச்சைப் புள்ளி, சாம்பல் புள்ளியாகத்தான் தெரிவோம். எக்ஸ்ரே அறைக்கு மேலே ஒரு அறை. சரியாகச் சாத்தாத கதவு. அரைவட்டமாகப் போட்ட கணினிகள். பகல் பணி முடித்து, கையில் கிருமிநாசினி வாடை போகாமல் வந்து உட்காரும் பெண்கள். அந்தப் பச்சைப் புள்ளிகள் இவர்கள்தான்.

போன திங்கட்கிழமையிலிருந்து எல்லாப் புள்ளியும் சாம்பல். ஒருவரும் வரவில்லை.

காரணம் பெரிய சிஸ்டர். குழந்தைகள் வார்டின் தலைமைச் செவிலி. மருத்துவர்களே அவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். 'உடல் குளிர்ந்துபோன குழந்தைக்கு முதலில் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு, துணியில் சுற்றிப் பக்கத்தில் வெந்நீர்ப் பை வைப்பேன் என்று எல்லாரும் பார்க்கும் பொதுப் பலகையில் எழுதினார். அது தப்பு என்று எனக்கும் தெரியும், அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்களுக்கும் தெரியும். பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் பெண்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு ஏதோ நாட்டிலிருந்து ஒரு செவிலி ஒரே வரி போட்டாள்: "தவறு. இது குழந்தையைச் சுடும்." உடனே உன் தளம் பெரிய சிஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறியைக் குத்தி, எல்லாருடைய முகப்புப் பக்கத்துக்கும் அனுப்பிவிட்டது.

அவர் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, "வரேம்மா" என்று போனார். மறுநாளிலிருந்து அவருடைய வார்டே வரவில்லை. ஆண்டு முடிவதற்குள் சான்றிதழ் வாங்காதவர்களை அந்த வார்டிலிருந்து மாற்றிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. பெரிய சிஸ்டர் இல்லாத அந்த வார்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊரில் யாரும் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசமாட்டார்கள், அக்கா. அந்தச் சிவப்புக் குறியையாவது எடு.

உன் வாயாடி


மார்ச் 9

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து காலையும் மாலையும் போட வேண்டும். காலையில் மட்டும் போடுவதாக அவளே சொன்னாள். கவனித்துக்கொள்.

தளத்தைப் பற்றி. பொதுப் பலகையை நான் ஆசைக்காக வைக்கவில்லை. ஒருவர் செய்யும் தவறிலிருந்து ஐந்து நாட்டுக்காரர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்தேன். மற்ற நான்கு மையங்களிலிருந்து புகார் இல்லை. உங்கள் மையத்துக்கு மட்டும் தனியாக ஒரு தளம் கட்டித் தர முடியாது.

இன்னொன்று கேட்கிறேன், நிதானமாகப் பதில் சொல். பெரிய சிஸ்டர் எழுதியது தவறு. வெந்நீர்ப் பை பட்டு ஒரு குழந்தையின் தோல் வெந்துபோகலாம். உங்கள் பெண்கள் அது தெரிந்தும் சும்மா இருந்தார்கள். நீயும் இருந்தாய். கடைசியில் யாரோ ஒருத்தி சொன்னாள். அவள் சொன்னது குற்றமா? மரியாதைக்காக நான் அந்தப் பதிலை மூடி மறைக்க வேண்டுமா? பெரிய சிஸ்டரின் முகம் முக்கியமா, குழந்தையின் தோல் முக்கியமா?

கோபத்தைப் பற்றி அப்புறம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அப்புறம் வேண்டாம்.

அன்று கூட்டத்தில் ஐந்து மையங்களும் திரையில் இருந்தன. என் மேலாளர் இருந்தார். என் இடத்துக்கு எப்போது வரலாம் என்று காத்திருக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். 'குறைகள் இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்டதும் நீ மைக்கைத் திறந்து, "இதைச் செஞ்சவங்க ஒரு நாளாவது ஒரு வார்டுல நின்னிருப்பாங்களா? நின்னிருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். செய்தது யார் என்று உனக்குத் தெரியும். உன் முகத்தில் இருந்த சிரிப்பையும் நான் பார்த்தேன். நல்ல ஒரு வசனம் பேசிவிட்ட சந்தோஷம்.

அதற்குப் பிறகு என்னால் என் கேமராவை மூட மட்டும்தான் முடிந்தது. பக்கத்து மேசைக்காரி எழுந்து வந்து ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

'தங்கைக்கு' என்று மொட்டையாக ஆரம்பித்திருக்கிறாய். மின்சார வாரியம்கூட 'அன்புள்ள வாடிக்கையாளருக்கு' என்றுதான் எழுதுகிறது.

உன் கேள்விக்குப் பதில்: குழந்தையின் தோல்தான் முக்கியம். அதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. சும்மா இருந்தது தப்புதான். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை வார்டுக்குப் போய், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் உன் தளம் முந்திக்கொண்டது.

கூட்டத்தில் நான் பேசியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் உன் தளத்தில் இருக்கும் 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' பெட்டியில் இரண்டு தடவை விவரமாக எழுதினேன். இரண்டு தடவையும் 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது. மூன்றாவது தடவை எழுதுவதற்குப் பதில் வாயால் சொன்னேன். உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கக் கூடாதோ? இருக்கட்டும், அடித்து எழுத மாட்டேன்.

நேற்று வார்டுக்குப் போனேன். பெரிய சிஸ்டர் ஒரு குழந்தையின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உக்காரும்மா, இவன் கணக்கு முடிச்சிட்டு வரேன்" என்றார். நான் சுற்றிலும் பார்த்தேன். அலமாரியில் வெந்நீர்ப் பைகளைக் காணோம்.

"எங்கே சிஸ்டர் அதெல்லாம்?" என்றேன்.

"அன்னைக்கே எடுத்துட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே."

"அப்ப உங்களுக்கு அந்தப் பொண்ணு சொன்னதுல..."

"சொன்னதுல எனக்கு என்னம்மா வருத்தம்? தப்புன்னா தப்புதானே. வீட்டுக்குப் போய்ப் பாடத்தை இன்னொரு தடவை படிச்சேன். அம்மாவோட மார்ல தோலோட தோலா போட்டுப் போர்த்தணும்னு போட்டிருக்கு. நான்தான் சரியாப் படிக்காம எழுதிட்டேன். இப்ப இங்க அப்படித்தான் செய்யறோம்."

"பின்ன ஏன் சிஸ்டர் வகுப்புக்கு வரமாட்டேங்கறீங்க?"

அவர் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கை கழுவினார். நிதானமாக, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். "நான் நாளைக்கு இந்தப் பொண்ணுங்களுக்கு ஊசி போடறதைச் சொல்லித்தரணும். அவங்க என் முகத்தைப் பார்க்கும்போது அந்தச் செவப்பு தெரியும். தெரியாத மாதிரி நடிப்பாங்க. அது அதைவிட மோசம்" என்றார்.

அவர் இல்லாமல் அந்தப் பெண்களும் வரமாட்டார்கள். ஒருத்தியிடம் கேட்டேன். "பெரிய சிஸ்டர் வெளியில நிக்கும்போது நாங்க எப்படி உள்ள போய் உக்கார்றது மேடம்?" என்றாள்.

ஆக, உன் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அக்கா. ஆள்தான் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சொட்டு மருந்து இரண்டு வேளையும் போடுகிறேன். சாயங்காலம் போட வந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்.

வாயாடி


மார்ச் 21

அன்புள்ள வாயாடிக்கு,

மின்சார வாரியத்தை விட நான் மோசமில்லை என்று இப்போது ஒத்துக்கொள்வாய்.

உன் கடிதத்தில் வெந்நீர்ப் பைகளை அவர் அன்றே எடுத்துவிட்டார் என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்கள் கணக்கில் அவர் 'பாதியில் விலகியவர்'. அறிக்கையில் அப்படித்தான் போயிருக்கிறது, நான்தான் அனுப்பினேன்.

அந்த ஒரு வரி எழுதிய பெண்ணிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'ஒற்றைவரி'. எல்லாருக்கும் ஒரே வரியில்தான் கருத்துப் போடுவாள். முரட்டுப் பெண் என்று நானும் நினைத்திருந்தேன். அவளுடைய பயிற்றுநர் மூலமாக நேரம் வாங்கி, வியாழக்கிழமை பேசினேன்.

திரையில் வந்தது சின்ன முகம். பயந்துபோயிருந்தாள். அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றதும் தன்னை நீக்கப்போகிறோம் என்று நினைத்துவிட்டாள். தளத்துக்கு வைத்திருக்கும் பொதுமொழியில் அவளும் நம் பெண்கள் மாதிரிதான், வார்த்தைக்கு வார்த்தை யோசித்துத்தான் பேசுகிறாள். நடந்ததைச் சொன்னேன். பெரிய சிஸ்டர் வகுப்பை விட்டுப் போய்விட்டார் என்றதும் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"நான் அவங்களைத் திட்டினேன்னு நினைச்சாங்களா?" என்று கேட்டாள். "நான் முதல்ல அப்படி எழுதலையே!"

என்ன எழுதினாய் என்று கேட்டேன். சொன்னாள். 'மதிப்புக்குரிய மூத்த சகோதரிக்கு வணக்கம். உங்கள் அனுபவம் என்னை விடப் பெரியது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னியுங்கள். எங்கள் மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு இப்படி வைத்துக் கால் வெந்துபோனது. அந்தக் குழந்தையை நான்தான் பார்த்துக்கொண்டேன்...' என்று போகிறது. அகராதியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் திருத்தம் எழுதும் பெட்டி ஏற்றுக்கொள்ளவில்லை. 'நாற்பது எழுத்துக்கு மேல் கூடாது' என்றது.

அவள் மேலிருந்து வெட்ட ஆரம்பித்தாள். முதலில் வணக்கம் போனது. பிறகு மூத்த சகோதரி போனார். மன்னிப்பு போனது. வெந்த கால் போனது. குழந்தைக்கு ஆபத்து என்பதை மட்டும் விடக் கூடாது என்று அதை வைத்துக்கொண்டாள். மிஞ்சியது அந்த ஒரு வரி.

"நான் எப்பவும் அப்படித்தான் வெட்டறேன்" என்றாள். "எல்லாரும் எப்படி இவ்வளவு சின்னதா எழுதறாங்கன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். மத்தவங்களுக்கு அது சுலபமோன்னு நினைச்சுக்குவேன்."

நாற்பது என்று போட்டது நான். கைபேசித் திரையில் அழகாக இருக்கும் என்று போட்டேன். மேலாளர் பார்த்துவிட்டு, "நறுக்குன்னு இருக்கு" என்று பாராட்டினார். மரியாதைக்கு இடம் பிடிக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நாங்கள் பேசும் விதத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

எழுத்து வரம்பை நேற்றே எடுத்துவிட்டேன். சிவப்புக் குறியையும் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. பெரிய மாற்றம் ஒன்றைத் தயார் செய்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஒற்றைவரி ஒரு வேண்டுகோள் வைத்தாள். பெரிய சிஸ்டரிடம் திரையில் நேருக்கு நேர் பேசி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். ஏற்பாடு செய்வாயா?

நம் விஷயத்தைப் பற்றி இன்னும் எனக்கு எழுத வரவில்லை. பெட்டியில் நீ இரண்டு தடவை எழுதியதைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. யாரும் திறக்கவில்லை. ஆனால், அந்தப் பெட்டிக்கு வெளியே உனக்கு என் ஃபோன் நம்பர் தெரியுமே?

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி வரி சரியாகப் பட்டது. அதற்குப் பதில் இந்தக் கடிதத்திலேயே வரும். முதலில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

பெரிய சிஸ்டரைப் பேச வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. "அந்தப் பொண்ணு எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? எனக்கு எதுக்கு இன்னொரு கூத்து?" என்றார். அகராதி வைத்து எழுதியதையும், பெட்டி ஒவ்வொன்றாக வெட்ட வைத்ததையும் சொன்னேன். வெந்த கால் வரைக்கும் வந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் குழந்தை பொழைச்சுதா?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "அதைக் கேக்கணும். கூப்பிடு" என்றார்.

மதிய இடைவேளையில் மேல் அறையில் உட்கார்ந்தோம். நான் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் மொழி மாற்றிச் சொல்ல. ஒற்றைவரி திரையில் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பெரிய சிஸ்டரும் எழுந்துவிட்டார். யார் முதலில் உட்காருவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இருவரையும் உட்காரச் சொல்லி நான்தான் கத்தினேன்.

அவள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் இவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் இருக்கட்டும். குழந்தை எப்படி இருக்கு?"

"பொழைச்சிடுச்சு. இப்ப நடக்குது. கொஞ்சம் சாய்ச்சு நடக்கும்."

பெரிய சிஸ்டர் உடனே எத்தனை தொட்டில், பகலில் எத்தனை பேர், மின்சாரம் போனால் என்ன செய்கிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவள் பதிலுக்கு அங்கே தாய்மார்கள் குழந்தையை மார்பில் வைத்துக் கட்ட வெட்கப்படுகிறார்கள் என்றாள். இங்கேயும் அதே கதைதான், ஒரு திரைத்துணி கட்டிப் பாருங்கள் என்றார் இவர். மொழிபெயர்த்தே எனக்கு மூச்சு வாங்கியது.

முடிக்கும்போது பெரிய சிஸ்டர் சொன்னார்: "நீ சொன்னது சரி. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை யாராயிருந்தாலும், முதல்ல அவங்ககிட்ட சொல்லு. அப்புறம் ஊருக்கே சொல்லு. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

நான் அதை அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டும். முதல் வார்த்தையிலேயே, கூட்டத்தில் நீ கேமராவை மூடியது ஞாபகம் வந்தது.

அக்கா, பெரிய சிஸ்டருக்காக உன்னிடம் அவ்வளவு சண்டை போட்டேன். அவருக்கு நடந்ததைத்தான் நான் உனக்குச் செய்தேன். உன் நம்பர் என்னிடம் இருந்தது. பெட்டியில் எழுதினேன், எல்லார் முன்னாலும் மைக்கைத் திறந்தேன், நடுவில் உன்னை ஒரு தடவை கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ காரணம் சொல்வாய், நான் பாதியிலேயே ஒத்துக்கொண்டுவிடுவேன் என்று பயம். சின்ன வயதிலிருந்தே உன்னிடம் வாதாடி நான் ஜெயித்ததில்லை. கூட்டத்தில் பத்துப் பேர் சிரித்தால் ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல. அந்தச் சிரிப்பை நீ பார்த்துவிட்டாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னித்துவிடு. இதை அடித்து எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

வாயாடி


ஏப்ரல் 10

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய நிலையம் போய்விட்டது. வேலைக்குத் தாமதமாகப் போனதற்கு உன்னைத்தான் சொல்ல வேண்டும்.

மன்னிப்பெல்லாம் ஆயிற்று. இனிமேல் அதைப் பேச வேண்டாம். நீ சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. நான் ஒரு நாளும் வார்டில் நின்றதில்லை.

புது வடிவத்தை முடித்துவிட்டேன். இணைப்பை அனுப்பியிருக்கிறேன், சோதனைக்கு உங்கள் மையத்தில் இன்றிலிருந்தே திறந்திருக்கும். எழுதிய பதில் முதலில் எழுதியவருக்கும் பயிற்றுநருக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொருவர் திருத்தம் சொன்னால் அதுவும் முதலில் அவருக்கு மட்டும் போகும். எழுத வராதவர்கள் பேசி அனுப்பலாம். பெரிய சிஸ்டர் சொன்னதைத்தான் கட்டியிருக்கிறேன். அவருடைய வரியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளும் ஒன்று எழுதிக்கொண்டு போனாள்.

உங்கள் மையத்துக்குப் பொதுப் பலகையை மொத்தமாக மூடிவிட்டேன். உங்கள் ஊரில் யாரும் எல்லார் முன்னாலும் பேசமாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய். மற்ற மையங்களுக்குப் பலகை இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் அதன் பழக்கப்படி ஒரு முகப்பு. மேலாளருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. 'ஊருக்கு ஏற்ற வகுப்பறை' என்று அவரே பெயர் வைத்துவிட்டார். இருபத்திரண்டாம் தேதி எல்லா மையங்களும் இருக்கும் கூட்டத்தில் நான் இதை விளக்கிக் காட்ட வேண்டும். அன்றே வெளியிடுகிறார்கள்.

குறை இருந்தால் அதற்கு முன்னால் சொல். ஃபோனிலும் சொல்லலாம், எடுப்பேன். ஆனால் எழுதினால் நல்லது. இந்த ஒரு மாதத்தில் உன்னைப் பற்றித் தெரிந்துகொண்டது இத்தனை வருஷம் ஃபோனில் தெரிந்ததை விட அதிகம்.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

இது உனக்கு மட்டும். கூட்டத்தில் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம்.

நல்ல செய்தி முதலில். பெரிய சிஸ்டர் திரும்பி வந்துவிட்டார். அவர் பின்னாலேயே மொத்த வார்டும் வந்துவிட்டது. பேசி அனுப்பும் வசதியில் அவர் பதில் சொன்னால் கீழ் அறைக்கே கேட்கிறது. எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களும் சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கெட்ட செய்தி. அதற்குக் காரணம் நான்.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள். வார்டில் அவளைப் 'பேசாமடந்தை' என்று கூப்பிடுவார்கள். பேச்சு திக்கும். நான்கு பேர் இருக்கும் அறையில் அவள் வாயே திறக்க மாட்டாள். நானும் இத்தனை நாள் அவளை அப்படியே விட்டுவிட்டேன். நேற்று வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் கதவோரம் நின்றாள்.

"ப... பலகையை எடுத்துட்டீங்களா மேடம்?"

ஆமாம், இனிமேல் யாரும் எல்லார் முன்னாலும் எழுத வேண்டியதில்லை, நிம்மதிதானே என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னாள். அந்தப் பலகையில்தான் அவள் திக்காமல் பேசினாளாம். யாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்காமல், யாரும் அவளுக்குப் பதிலாக வாக்கியத்தை முடித்து வைக்காமல், சொல்ல நினைத்ததை முழுசாகச் சொல்ல முடிந்த ஒரே இடம் அதுதானாம். மற்ற நாட்டுப் பெண்கள் அவளிடம் சந்தேகம் கேட்பார்களாம். "அங்க நான் பே... பேசாமடந்தை இல்ல மேடம்" என்றாள்.

என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை. உடனே தளத்தில் பழைய பக்கங்களைப் புரட்டினேன். எங்கள் மையத்திலிருந்து பலகையில் அதிகம் எழுதியிருப்பது அவள்தான். ஒவ்வொன்றும் அழகான, பொறுமையான பதில். நான் கவனிக்கவே இல்லை.

எங்கள் ஊரில் யாரும் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள் என்று உன்னிடம் அடித்துச் சொன்னேனே, அந்தப் பெண்ணும் எங்கள் ஊர்தான், அக்கா.

பெரிய சிஸ்டருக்கு மற்ற ஊர்களுக்குப் பலகை இருப்பது தெரிந்துவிட்டது. தெரியவைத்தது ஒற்றைவரி. இருவரும் இப்போது அரைகுறைப் பொதுமொழியிலேயே தினமும் பேசிக்கொள்கிறார்கள், என் மொழிபெயர்ப்புகூட வேண்டியதில்லை. "எங்களுக்கு மட்டும் திரை போட்டு உக்கார வச்சிருக்காங்களா? நாங்க என்ன அவ்வளவு தொட்டாச்சிணுங்கியா? முதல்ல எங்கிட்டன்னு சொன்னேன். எங்கிட்ட மட்டும்னா சொன்னேன்?" என்று பிடித்துக்கொண்டார்.

ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடவையும் தாங்களே முடிவு செய்யட்டும். பலகையில் போடும் பொத்தான் அவரவர் கையில் இருக்கட்டும். இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, மேலாளருக்கு வேறு பெயரெல்லாம் பிடித்துப்போய்விட்டது, எனக்குத் தெரியும். எப்படிச் செய்வாயோ.

வாயாடி


ஏப்ரல் 24

என் அன்பு வாயாடிக்கு,

கூட்டத்தின்போது திரையில் உன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இவ்வளவு நேரம் நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை, பயமாகவே இருந்தது.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றே மேலாளர் அறைக்குப் போனேன். வெளியீட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படும் விதம் அது.

"இதுதான் சரின்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்குன்னு கண்டுபிடிச்ச சந்தோஷத்துல, ஒரு ஊருக்குள்ளயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்குங்கறதை மறந்துட்டேன்."

"ஒரு பொண்ணுக்காக மொத்தத்தையும் நிறுத்தணுமா?"

ஒரு பெண்ணை அந்த மையத்துப் பயிற்றுநர் பார்த்துவிட்டார், மற்ற நான்கு மையங்களிலும் கதவோரம் நிற்பவர்களை யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். மற்ற மையங்களிலிருந்து புகார் வரவில்லை என்று உனக்கு நான் எழுதினேன் அல்லவா? நான்கு பயிற்றுநர்களையும் கூப்பிட்டுப் பேசினேன். புகார் இருக்கிறது, வண்டி வண்டியாக இருக்கிறது. பெட்டியில் எழுதிவிட்டு நன்றி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முடிவு இதுதான். வெளியீடு தள்ளிப்போகிறது. விளக்கிக் காட்டும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்து, என் இடத்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் கூட்டத்தில் நான் பேசவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். இருக்கிறது. ஆனால் வடிவமைப்பு என்னிடமே இருக்கிறது, அது போதும்.

பொத்தானை அவரவர் கையில் கொடுத்துவிட்டேன். உங்கள் மையத்தில் திங்கட்கிழமையிலிருந்து வேலை செய்யும்.

இன்னொன்றும் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஜூன் மாதம் ஒவ்வொரு மையத்துக்கும் போய்ப் பார்க்கப் போகிறேன். முதலில் உன்னிடம் வருகிறேன். அந்த மேல் அறையில் ஒரு மூலையில் உட்கார இடம் கொடு. அம்மாவிடம் நான் வருவதை நீயே சொல். சந்தோஷத்தில் ஃபோனை வைத்துவிட்டு அழுவாள், நீ பக்கத்தில் இருப்பது நல்லது.

அக்கா


மே 29

அன்பு அக்கா,

அம்மா அழவில்லை. உடனே மெத்தையை வெயிலில் போடச் சொன்னாள். நீ வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். தினமும் நான்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

நேற்று நடந்ததை நீ வரும்வரை அடக்கி வைக்க என்னால் முடியாது.

இந்த வாரப் பாடம், குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால் கொடுப்பது. பெரிய சிஸ்டர் தன் பதிலைப் பேசி அனுப்பினார். அதில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. குழாய் வயிற்றுக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பால் விட வேண்டும், அதைச் சொல்லவில்லை. அவர் கை தானாகச் செய்யும் வேலை, அதனால் சொல்ல மறந்திருப்பார். எனக்குத் தெரிவதற்குள் பேசாமடந்தைக்குத் தெரிந்துவிட்டது. அவள் தனியாக அவருக்கு எழுதியிருக்கிறாள். நீளமாக, வணக்கத்தில் ஆரம்பித்து.

பெரிய சிஸ்டர் படித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தார். அந்தப் பெண் இரண்டு நாற்காலி தள்ளி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. அறையில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"இங்க வா" என்றார்.

அவள் எழுந்து வந்தாள்.

"இதை எப்படிம்மா பலகைல போடறது? எனக்கு அந்தப் பொத்தான் எதுன்னு தெரியல."

"சி... சிஸ்டர், வேண்டாம் சிஸ்டர். உங்களுக்கு மட்டும்தான்..."

"எனக்குச் சொல்லிட்டே இல்ல? வாங்கிக்கிட்டேன். இப்ப மத்தவங்களும் படிக்கட்டும். என் பேரும் இருக்கட்டும், உன் பேரும் இருக்கட்டும்."

அவள் விரலால் காட்டினாள். பெரிய சிஸ்டர் அழுத்தினார். அறையில் இருந்த எல்லாக் கணினியிலும் அது வந்து விழுந்தது. எல்லாரும் படித்தார்கள். யாரும் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒற்றைவரியிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கம்!

நீ வரும்போது உன்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று பெரிய சிஸ்டர் சொல்லி வைத்திருக்கிறார். எதற்கு சிஸ்டர் என்று கேட்டேன்.

"அந்தத் தளத்துல இன்னும் ரெண்டு தப்பு இருக்கும்மா. உங்க அக்கா வரட்டும், முதல்ல அவங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

என்ன தப்பு என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன். எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வாயாடி